நாற்பத்து நான்காம் பக்கம்

பிப்ரவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நானும் உன் அண்ணியும் இங்கே இருக்கிறோம். நலம் என்று எழுத என் முழங்கால் சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளைக்கு ரத்த அழுத்தம் குறைந்ததா? மூக்குக்கண்ணாடிக் கடையில் உனக்கு இன்னும் அந்த முதுகில்லாத ஸ்டூல்தானா? போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. கடிதம் நல்லது. கோபம் வந்தால் பேனாவை மூடிவைக்கலாம்.

துறைத் தலைவர் நாற்காலி இந்த வருடமும் எனக்கு இல்லை. என்னிடம் ஆங்கிலம் படித்த பையன் அதில் உட்கார்ந்திருக்கிறான். நான் உள்ளே போனால் எழுந்து நின்று, "உட்காருங்க சார்" என்கிறான். அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போது பத்தாம் வகுப்புக்கு ஆங்கில மதிப்பீடு நடக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் ஓர் ஆங்கில நாவலை வருடம் முழுக்க வைத்துப் படிக்க வேண்டும். நான் தனியாக உட்காரவைத்துப் பத்து நிமிடம் அதைப் பற்றிக் கேட்பேன். அதற்கு நாற்பது மதிப்பெண். பிறகு தேர்வு அறையில், கொடுத்த தலைப்பில் ஆங்கிலத்தில் சொந்தமாக ஒரு கதை எழுத வேண்டும். அதற்கு அறுபது. யார் எந்த நாவலை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று எவனோ ஒரு புண்ணியவான் விதி போட்டிருக்கிறான். முப்பத்தொரு பிள்ளைகள், முப்பத்தொரு நாவல்கள்.

இந்த முறை ஒருத்தியைப் பிடித்தேன். மூன்றாவது பெஞ்சுக்காரி. வாய்மொழித் தேர்வில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். நாற்பதுக்கு ஆறு போட்டேன். நாலு நாள் கழித்துக் கதைத்தாளைத் திருத்துகிறேன். 'தினமும் ஒரே இடத்தில் பார்த்த ஒருவர்' என்பது தலைப்பு. ஆஸ்பத்திரி லிஃப்டில் தினமும் சாயங்காலம் ஓர் அம்மா ஏறி ஐந்தாம் மாடிக்குப் போகிறாள். பார்வை நேரம் முடிந்ததும் இறங்குகிறாள். ஐந்தாம் மாடி மூன்று மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது என்பது லிஃப்ட்காரனுக்குத் தெரியும். அவன் ஒன்றும் கேட்பதில்லை. அவளுக்காகப் பொத்தானை அழுத்துகிறான். கதை அவ்வளவுதான். ஒரு சொல் அதிகமில்லை.

ஆறு மதிப்பெண் வாங்கியவள் இதை எழுதுவாளா? எங்கேயோ படித்ததை மனப்பாடம் செய்து வந்து கொட்டியிருக்கிறாள். இரண்டு மதிப்பெண்ணுக்கும் இடையில் இப்படிப் பெரிய வித்தியாசம் இருந்தால் ஆசிரியர் 'ஏற்கிறேன்' அல்லது 'ஐயம்' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். 'ஐயம்' என்று எழுதினேன். மே கடைசிக்குள் மேலே உறுதிசெய்தால் அவளுடைய ஆங்கிலத் தேர்வு ரத்தாகும். மறுபடி பத்தாம் வகுப்பில் உட்கார வேண்டியதுதான். இந்தப் பள்ளியில் ஒருவனாவது கண்ணைத் திறந்துகொண்டு வேலை செய்கிறான் என்று தெரியட்டும்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணா,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் மாப்பிள்ளை மாத்திரையை மறக்காமல் சாப்பிடுகிறார், நடக்கத்தான் மறந்துவிடுகிறார். முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தாயா? ஸ்டூல் அதேதான்.

உன் கடிதத்தைக் கடையில் படித்தேன். அந்த லிஃப்ட் கதை என்னை விடவில்லை. அன்றைக்கு ஒரு பெரியவருக்குப் பவரை மாற்றி எழுதி முதலாளியிடம் திட்டு வாங்கினேன். கதையை முழுதாகப் படிக்க முடியாதா?

மூன்று விஷயம் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பெண்ணின் அப்பா என்ன வேலை செய்கிறார்? அவள் எடுத்த நாவல் எது? நீ அவளிடம் என்ன கேட்டாய்?

அண்ணியிடம் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தங்கை


மார்ச் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். டாக்டர் நடக்கச் சொல்கிறார். வகுப்பை மாடியில் வைத்திருக்கிறார்கள், நான் நடக்காத நாள் எது?

நீ கேள்வி கேட்டால் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. சரி, சொல்கிறேன். நாவலின் பெயரும் எழுதியவர் பெயரும் இத்துடன் வைத்த தனித்தாளில் இருக்கின்றன. ஒரு படகோட்டியின் குடும்பக் கதை, நானூறு பக்கம். வெள்ளத்தில் படகு கவிழ்கிறது. பத்து வயது மகள் ஒரு துளிக் கண்ணீர் விடாமல் குடும்பத்தைத் தாங்குகிறாள்.

நான் கேட்ட முதல் கேள்வி: "அப்பா செத்தப்ப அந்தப் பொண்ணு ஏன் அழல?" ஆங்கிலத்தில்தான் கேட்டேன், அவளும் ஆங்கிலத்தில்தான் சொன்னாள்.

"அப்பா சாகல சார்."

"என்னது?"

"அவர் சாகல சார். அந்தப் பொண்ணு பார்த்துட்டா."

வராந்தாவில் அடுத்து வரவேண்டிய ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி, "முதல்ல படிச்சிட்டு வா, அப்புறம் கதை விடு" என்றேன். சிரித்தார்கள். மிச்சமிருந்த கேள்விகளுக்கு மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதில் தெரியாதவர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். இருபத்தேழு வருட அனுபவம் எனக்கு.

அவள் அப்பாவின் வேலையைக் கேட்டாய். பதிவேட்டில் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குபவர். உடனே துள்ளிக் குதிக்காதே. திருடுகிறவள் தன் வீட்டுக்குப் பொருந்துகிற சாமானைத்தான் திருடுவாள்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மார்ச் 24

அன்புள்ள அண்ணா,

அனைவரும் சௌக்கியம். பதிலுக்கு நாளாகிவிட்டது, படித்துக்கொண்டிருந்தேன்.

நாவல் எங்கள் நூலகத்தில் கிடைத்தது. கடையில் ஆளில்லாத நேரத்தில் நாலு பக்கம், ஐந்து பக்கமாகப் படித்தேன். நல்ல நாவல். படகு கவிழ்வது நாற்பத்து மூன்றாம் பக்கத்தில். நாற்பத்து நான்காம் பக்கத்தில் அப்பா எதிர்க்கரையில் ஏறுகிறார். சட்டையைப் பிழிகிறார். வீட்டுப் பக்கம் ஒரு தடவை பார்க்கிறார். பிறகு வேறு பக்கமாக நடந்துபோகிறார். மகள் மட்டும் அதைப் பார்க்கிறாள். அம்மாவிடம் கடைசிவரை சொல்வதில்லை. அதனால்தான் அழவில்லை. மிச்சமுள்ள முந்நூற்று அறுபது பக்கமும் அந்தச் சொல்லாததைப் பற்றித்தான்.

பின்னட்டையில் இது எதுவும் இல்லை. படகு கவிழ்கிறது, தந்தை வீடு திரும்பவில்லை, மகள் ஒரு துளிக் கண்ணீர் விடாமல் குடும்பத்தைத் தாங்குகிறாள் என்று போட்டிருக்கிறார்கள்.

புத்தகத்தைத் திருப்பித்தர இன்னும் பத்து நாள் இருக்கிறது. வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

அன்புடன்,
தங்கை


ஏப்ரல் 16

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம், உங்கள் நலம் அறிய ஆவல். உடனே எழுத முடியவில்லை. ஒரு வாரமாகக் குளியலறைச் சுவரில் நீர்க்கசிவு. குழாய்க்காரன் வந்து, பார்த்து, நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். உன் அண்ணிக்குச் சளி. பள்ளியில் புதிதாக விரல் வைத்து வருகையைப் பதிகிற கருவி வந்திருக்கிறது. சுண்ணாம்புத்தூள் படிந்த என் விரலை அது ஏற்பதில்லை. தினமும் மூன்று தடவை, ஒரு திருடனைப் போலக் கையைத் துடைத்துத் துடைத்து வைக்கிறேன்.

'குடை' என்று நாங்கள் கூப்பிட்டவனை உனக்கு நினைவிருக்கும். கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் ஜூனியர், வெயிலோ மழையோ குடையில்லாமல் வரமாட்டான். என் குறிப்புகளை வாங்கிப் படித்துத் தேறியவன். அவன்தான் இப்போது எங்கள் மேற்பார்வை அதிகாரி. அவன் அனுப்பும் சுற்றறிக்கைக்கெல்லாம் கீழே நான் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. எல்லாம் நேரம்.

நீ கேட்ட அந்த விஷயம் மேலே போய்விட்டது. இனி என் கையில் இல்லை.

மாப்பிள்ளையை நடக்கச் சொல்.

அண்ணன்


ஏப்ரல் 22

அண்ணா,

சுகம்தான்.

குளியலறைச் சுவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் குளியலறையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்குக் கல்யாணமான புதிதில் நீ இந்த வீட்டுக்கு வந்திருந்தாய். நான் முன்னறையில் ஓர் ஆங்கில நாவல் படித்துக்கொண்டிருந்தேன். நீ என் மாமனாரிடம், "இவ எங்க படிக்கறா? பக்கத்தத் திருப்பறா, அவ்வளவுதான்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் பதினோரு வருடம் இந்த வீட்டில் யார் கண்ணிலும் படும்படி நான் ஒரு புத்தகத்தைத் திறக்கவில்லை. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குளியலறையில் நின்றபடி படித்திருக்கிறேன். தண்ணீர்ச் சத்தம் கேட்கவேண்டும் என்பதற்காகக் குழாயைத் திறந்துவிட்டு.

உனக்கு அது ஞாபகம்கூட இருக்காது. உன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு எத்தனை வருடம் ஆகும் என்று எனக்கு ஓரளவு தெரியும்.

தவணையை நீட்டித்துப் புத்தகத்தைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

தங்கை


மே 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

பார்சல் வந்தது. இரண்டு நாளில் படித்துவிட்டேன். நாற்பத்து நான்காம் பக்கத்தில் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

நீ கேட்காமல் விட்டதை நானே சொல்கிறேன். பிப்ரவரியில் நான் அதைப் படித்திருக்கவில்லை. முப்பத்தொன்றில் ஒன்பதுதான் படித்திருந்தேன். அதுவும் எப்போதோ படித்தவை. மற்றதெல்லாம் பின்னட்டை. இந்த மதிப்பீட்டு முறை வந்த முதல் வருடம், துறைத் தலைவர் ஆகிவிடுவேன் என்ற நினைப்பில் எல்லாவற்றையும் படித்தேன். கிடைக்கவில்லை. இவர்களுக்கு இது போதும் என்று விட்டுவிட்டேன். இவர்கள் என்று நான் நினைத்தது மேலே இருப்பவர்களை. எதிரே உட்கார்ந்திருந்தது பிள்ளைகள்.

உன் மாமனாரிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு நல்ல நகைச்சுவை சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதை வேறு சில இடங்களிலும் சொல்லியிருக்கிறேன். அதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை.

'மறுபரிசீலனைக்குப் பின் ஐயத்தை விலக்கிக்கொள்கிறேன்' என்று குடைக்கு எழுதிவிட்டேன். காரணமில்லாமல் விலக்க முடியாதாம். பதினெட்டாம் தேதி அவனே வருகிறான். அவன் முன்னால் அவளுக்கு மறுபடியும் வாய்மொழித் தேர்வு. அதில் நன்றாகச் சொன்னால் ஐயம் போய்விடும். சொல்லிவிடுவாள். அவள் படித்தவள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


மே 10

அன்புள்ள அண்ணா,

நலம். நீ படித்ததில் எனக்குச் சந்தோஷம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். குடைக்குக் காரணத்தை ஏன் எழுதவில்லை? அந்தப் பெண்ணிடமாவது சொன்னாயா, அவள் சொன்னது சரிதான் என்று?

தங்கை


மே 21

அன்புள்ள தங்கச்சிக்கு,

சொல்லவில்லை. தேர்வில் சரியாகச் சொல்வாள், நான் தலையை ஆட்டுவேன், அதிலேயே அவளுக்குப் புரிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். நடந்ததை எழுதுகிறேன்.

ஆசிரியர் அறைக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்பதால் வேதியியல் ஆய்வகத்தில் வைத்தோம். உயரமான மூன்று ஸ்டூல். குடை வந்ததும், "ரொம்ப நாளாச்சு சார். முட்டி எப்படி இருக்கு?" என்றான். "டிரெயின்ல வரும்போதுதான் படிச்சு முடிச்சேன். நல்ல புக்கு, இல்ல சார்?" என்றான். "ஆமா" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் அன்றைக்கு நான் நேர்மையாகச் சொன்னது.

அவள் வந்தாள். கால் தரையில் எட்டாமல் உட்கார்ந்தாள். விதிப்படி நான்தான் கேட்க வேண்டும். "படகு கவிழ்ந்தப்ப அந்தப் பொண்ணு ஏன் அழலன்னு நீ நினைக்கற?" என்றேன்.

அவள் குடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பா செத்துட்டாரு சார். அதிர்ச்சியில அழுகை வரல."

குடை நிமிர்ந்தான். "செத்துட்டாரா? அவசரமில்லம்மா, நல்லா யோசிச்சு சொல்லு."

"செத்துட்டாரு சார்."

அடுத்து நான்கு கேள்வி கேட்டேன். நான்குக்கும் பின்னட்டையில் இருக்கிறதை மட்டும் சொன்னாள். அதைத் தாண்டி ஒரு வரி சொல்லவில்லை. இந்த ஆசிரியருக்கு எதுவரை தெரியும் என்று அளந்து வைத்திருக்கிறாள், தங்கச்சி. அந்த அளவுக்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பிடித்த பதிலைச் சொன்னால் விட்டுவிடுவேன் என்று நம்பியிருக்கிறாள்.

"போம்மா" என்றான் குடை. வாசல்வரை போய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற பார்வை.

அவன் கோப்பில் 'நூலைப் படித்திருக்கவில்லை' என்று எழுதினான். பேனாவை மூடிக்கொண்டு, "நீங்க முதல்ல போட்டதுதான் சரி சார். பாவம்னு பார்த்து வாபஸ் வாங்கியிருக்கீங்க. ஆனா அனுபவம்னா அனுபவம்தான்" என்றான்.

இருபது வருடமாக அவன் வாயிலிருந்து வராதா என்று நான் காத்திருந்த வார்த்தை. நான் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். நான் சிரித்தேன். கேட்வரை கூடவே போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.

முப்பதாம் தேதி உத்தரவு போடுகிறார்களாம்.

அண்ணன்


மே 25

அண்ணா,

கடிதம் கிடைத்தது.

நீ எழுத வேண்டிய கடிதம் எனக்கு இல்லை.

தங்கை


மே 28

பெறுநர்
மேற்பார்வை அதிகாரி அவர்கள்

நகல்: என் தங்கைக்கு

பொருள்: பத்தாம் வகுப்பு மாணவி ஒருவரின் ஆங்கில மதிப்பீடு – உண்மை நிலையைத் தெரிவித்தல்

ஐயா,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். மே 18 அன்று தங்கள் முன்னிலையில் நடந்த வாய்மொழித் தேர்வு குறித்து எழுதுகிறேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

பிப்ரவரியில் இம்மாணவிக்கு வாய்மொழித் தேர்வு நடத்தியபோது அந்த நாவலை நான் படித்திருக்கவில்லை. பின்னட்டையைப் பார்த்துக் கேள்வி கேட்டேன். கேள்வியே தவறு. தந்தை இறக்கவில்லை என்று அவர் சொன்னார். அது சரியான பதில். மற்ற மாணவர்கள் கேட்கும்படி அவரைப் பொய்யர் என்ற பொருளில் ஏளனம் செய்தேன். அதன் பிறகே அவர் மௌனமானார். ஆறு மதிப்பெண் என் அறியாமைக்குரியது. அந்த ஆறை வைத்துக்கொண்டுதான் அவருடைய கதையை ஐயப்பட்டேன். கதை அவர் எழுதியது. அவருடைய தந்தை மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குபவர் என்பதைப் பள்ளிப் பதிவேட்டில் காணலாம். மூன்று வருடமாக அவருக்குப் பாடம் நடத்தும் எனக்கு அது மார்ச் மாதத்தில்தான் தெரிந்தது.

இவ்வாண்டு மாணவர்கள் எடுத்த முப்பத்தொரு நாவல்களில் இருபத்திரண்டைத் தேர்வின்போது நான் படித்திருக்கவில்லை. பட்டியல் இணைத்துள்ளேன். இம்மாணவி நீங்கலாக அந்த நாவல்களை எடுத்த மற்றவர்களுக்கும், நூலைப் படித்த வேறோர் ஆசிரியர் மறுபடி தேர்வு நடத்த வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். என்மீது எடுக்கப்படும் நடவடிக்கை எதுவாயினும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இக்கடிதத்தை அஞ்சலில் அனுப்பவில்லை. உத்தரவுக்கு முன் பதிவாக வேண்டும் என்பதால் நேரில் கொண்டுவந்து, இந்தக் கடைசி வரிகளைத் தங்கள் அலுவலக வாசலில் எழுதிவிட்டு, முத்திரை விழும்வரை வெளியே காத்திருக்கிறேன். வரும் வழியில் மாணவியின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் அவருடைய தந்தை. இரவுப் பணி முடிந்து வந்திருந்தார். இதிலுள்ள அனைத்தையும் அவரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அன்னிக்கு வீட்டுக்கு வந்து, சார் கேட்டதுக்கெல்லாம் கரெக்டா சொல்லிட்டேம்ப்பான்னு சொல்லிச்சு சார்" என்றார். மகளைக் கூப்பிடவா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்கும் எனக்குத் தைரியம் இல்லை.

பிப்ரவரியில் அம்மாணவி சொன்ன பதிலுக்கே மதிப்பெண் வழங்க வேண்டுகிறேன். தங்கள் முன்னிலையில் அவர் சொன்ன பதில் அவருடையது அல்ல. இந்த வருடம் முழுவதிலும் நான் அவருக்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்